எங்களிடம் அப்படி ஒன்று இல்லை

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மேடையில் முழங்குகிற பேச்சுகளில் முக்கால்வாசி நான் எழுதியவை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆண்டு விழா நெருங்கினால் தாய்மார் வந்து, "சுலோ அக்கா, பிள்ளைக்கு ஒரு பேச்சு எழுதித் தாங்கோ" என்று நிற்பார்கள். காலையில் பேக்கரியில் நின்று பாண் விற்றுக் கால் கடுக்க வந்து, பின்னேரம் குந்தியிருந்து எழுதிக் கொடுப்பேன். பிள்ளை அதை ஜேர்மன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கி, மேடையில் ஏறிக் கடகடவென்று ஒப்புவிக்கும். நடுவர்கள் "என்ன தமிழ், என்ன தமிழ்" என்று தலையை ஆட்டுவார்கள். அது என்ன தமிழ் என்று பிள்ளைக்குத்தான் தெரியாது.

சந்திரகாந்தியின் மகள் சுஜானி மட்டும் இதில் சேர்த்தியில்லை. தமிழ்ப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்து முடித்தவள். இப்போது ஆஹென் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். அவள் முதலில் தான் சொல்ல நினைப்பதைப் பாதி ஜேர்மனிலும் பாதித் தமிழிலும் சொல்வாள். அதை மேடைத் தமிழாக்குவது மட்டுமே என் வேலை. நானாக ஒரு வசனம் சேர்த்தால் போதும், "அன்ரி, இதை நான் எப்ப சொன்னனான்?" என்று கேட்டுவிடுவாள். கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அவளுக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான் நான் எழுதுகிறேன் என்ற எண்ணமே எனக்கு வரும்.

இந்த முறை ஆண்டு விழா ஜூலை நான்காம் திகதி வந்தது. என் கணவர் அரியரத்தினம் பெற்றோர் சங்கத்தின் தலைவர். விடுதலை என்ற சொல் எங்கேயாவது கிடந்தால் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளாமல் அவரால் போக முடியாது. அன்றைக்கு அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்து இருநூற்றைம்பது வருடம் என்று கண்டுபிடித்துவிட்டார். "ஒரு சனம் அரசனைப் பாத்து, நாங்கள் உனக்குக் கீழ இல்லை, மனிசர் எல்லாரும் சமமாத்தான் படைக்கப்பட்டிருக்கினம் எண்டு எழுதிக் குடுத்த நாள். எங்கட பிள்ளைகள் இதை அறியோணும்" என்று கூட்டத்தில் பேசினார். மற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் பேசுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். முதன்மைப் பேச்சு சுஜானிக்கு என்று முடிவாயிற்று.

சந்திரகாந்தியும் நானும் அகதிகளாக வந்த புதிதில் ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். மேல் கட்டிலில் அவள், கீழ்க் கட்டிலில் நான். இருந்தது ஒரு சட்டி. அதில்தான் சோறும் கறியும் தேநீரும். அவள் எந்தச் சாதி என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் எந்தச் சாதி என்பது அவளுக்கும் தெரியும். எங்கள் ஆட்களுக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அந்த ஹைமில் அதைப் பார்க்க ஒருவருக்கும் தெம்பிருக்கவில்லை. பிறகு தெம்பு வந்தபோதும், "இஞ்ச ஜேர்மனியில அதெல்லாம் இல்லை" என்று நான் நாலு இடத்தில் பெரிய வாயாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வாய்க்குத்தான் சோதனை வந்தது. இங்கே ஊன்ட்றொப்பில் இருக்கிற அம்மன் கோயில் திருவிழாவுக்கென்று என் கணவருடைய தமக்கை யோகம் மச்சாள் பாரிஸிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினா. மச்சாள் கெட்ட மனுசி என்றால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுகமாக இருக்கும். வந்த அன்றே என் முழங்காலைப் பார்த்துவிட்டு, தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டவ அவ. எனக்கென்று தேடி எடுத்த சேலையைக் கையில் தந்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்று குழந்தை மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவ.

ஆனால் மச்சாளுக்கு ஒரு பழக்கம். எந்தத் தமிழ் முகத்தைக் கண்டாலும் ஊர் எது என்று கேட்பா. பிறகு, ஊரில் எந்தப் பக்கம் என்பா. பிறகு, பக்கத்தில் என்ன கோயில் என்பா. அதற்கு மேல் கேட்க மாட்டா, கேட்கத் தேவையுமில்லை. ஊரும் பக்கமும் கோயிலும் கிடைத்தால் எங்கள் ஆட்களுக்குக் கணக்கு முடிந்துவிடும், சாதி வெளியே வந்துவிடும். வந்த பிறகும் மச்சாள் ஒரு தப்பான சொல் சொல்ல மாட்டா. சிரித்த முகம் மாறாது. அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டா, அவ்வளவுதான்.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை மண்டபம் கிடைக்கவில்லை. சுஜானி எங்கள் வீட்டில் பேசிப் பார்க்கட்டும், சந்திரகாந்தியும் கூட வரட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. மச்சாளிடம் வாயைக் கட்டுங்கள் என்றும் சொல்ல முடியாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கடையில் போய்க் கடதாசிக் கோப்பைகள் வாங்கி வந்தேன். எல்லோருக்கும் கடதாசிக் கோப்பை. குடித்ததும் குப்பையில் போட்டுவிடலாம். வீட்டுக் கோப்பையில் யார் வாய் வைத்தது என்ற பேச்சே வராது, ஒருவர் மனமும் நோகாது. சமத்துவத்துக்கு இப்படி ஒரு சுருக்குவழி அமெரிக்காவை உண்டாக்கிய பெரிய மனிதர்களுக்குக்கூடத் தோன்றியிருக்காது. உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இப்போது அதை நினைத்தால் காது மடல் வரை சுடுகிறது.

வந்த சுஜானி நேரே குசினிக்குள் வந்தாள். அடுக்கி வைத்திருந்த கோப்பைகளைக் கண்டாள்.

"என்ன அன்ரி, கடதாசிக் கோப்பையோ? அஞ்சு பேருக்கு ஏன் இந்தக் குப்பை? உங்கட நீலப்பூக் கோப்பை எங்க?"

"கழுவ ஏலாது பிள்ளை, எனக்குக் கால் நோகுது" என்றேன்.

"நான் கழுவித் தாறன்" என்று அவளே அலுமாரியைத் திறந்து, நீலப்பூக் கோப்பைகளை எடுத்துத் தேநீரை ஊற்றித் தட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளை நான் என்ன சொல்லித் தடுக்க? பின்னால் பலகாரத் தட்டோடு ஓடினேன்.

மச்சாள் சோபாவில் இருந்தா. சந்திரகாந்தி கதவுப் பக்கக் கதிரையின் விளிம்பில் இருந்தாள். இவர் நடுவில் இருந்து விழா ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுஜானி முதல் கோப்பையை மச்சாளிடம் நீட்டினாள். மச்சாள் வாங்கி, "நல்ல பிள்ளை" என்று அவள் கன்னத்தைத் தடவினா. பிறகு சந்திரகாந்தியின் பக்கம் திரும்பினா.

"நீர் ஊரில எவடம் பிள்ளை?"

"யாழ்ப்பாணந்தான் அக்கா."

"யாழ்ப்பாணத்தில?"

"தென்மராட்சிப் பக்கம்."

"தென்மராட்சி பெரிசெல்லோ. அதில எவடம்?"

சந்திரகாந்தி தேநீரை ஊதினாள். நான் முன்பே போட்டு வைத்த தேநீர், ஆறியே இருந்தது. அவள் இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாளில் எத்தனை வீட்டில், எத்தனை மண்டபத்தில் தட்டிக்கழித்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பலகாரத் தட்டை மச்சாளின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். மச்சாள் தட்டை மெதுவாக விலக்கிவிட்டா.

சுஜானிக்குப் பொறுக்கவில்லை. தாய்க்கு வழி சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலும்.

"மாமி, நான் சொல்லுறன். போன வருசம் நான் போனனான். சந்தையில இறங்கி, தோட்டங்கள் முடியும் வரைக்கும் நேர போகோணும். பிறகு ஒரு குளம் வரும். அந்தக் குளத்துக்கு மற்றக் கரையிலதான் எங்கட பெரியம்மா வீடு. வடிவான இடம். பக்கத்தில குட்டியா ஒரு அண்ணமார் கோயிலும் இருக்கு, நான் படமும் எடுத்தனான், காட்டட்டோ?"

அவள் கைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கினாள். குளத்துக்கு மற்றக் கரையில் எந்தச் சாதி, அண்ணமார் யாருடைய சாமி என்று அறையில் இருந்த மற்ற நாலு பேருக்கும் விளங்கியது. சொன்னவளுக்குத்தான் விளங்கவில்லை.

மச்சாள் "அப்பிடியே, அப்பிடியே" என்றா. முகத்தில் சிரிப்பு இருந்தது. உதட்டுக்குக் கொண்டுபோன கோப்பையை மட்டும் இறக்கிச் சின்ன மேசையில் வைத்தா. வைத்துவிட்டு, விரல் நுனிகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டா. சுஜானி காட்டிய படத்தை எட்ட இருந்தே பார்த்து, "வடிவாத்தான் இருக்கு" என்றும் சொன்னா.

"மாமி, தேத்தண்ணி குடிக்கேல்லையே? சீனி காணாதோ?" சுஜானி குசினிக்கு ஓடிப் போய்ச் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து, இரண்டு கரண்டி போட்டு, நன்றாகக் கலக்கி, மறுபடி மச்சாளின் கையருகில் வைத்தாள். "இப்ப பாருங்கோ மாமி."

மச்சாள் என்னைப் பார்த்தா. உன் வீடு, நீயே பார் என்ற பார்வை. நான் பார்த்தேன். "மச்சாளுக்குச் சீனி கூடாது பிள்ளை, டொக்டர் வேண்டாமெண்டவர்" என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மச்சாளுக்குச் சீனி வருத்தமும் கிடையாது, வேறு நோயும் கிடையாது. இனிப்பென்றால் தட்டோடு முடிப்பா. அந்தப் பிள்ளை ஆசையோடு கலக்கிய தேநீரை நான் தொட்டியில் ஊற்றினேன்.

திரும்பினால் வாசலில் சந்திரகாந்தி. குடித்து முடித்த தன் கோப்பையைக் கையில் வைத்திருந்தாள். குழாயைத் திறந்து தானே அதைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். "சந்திரா..." என்றேன். "உள்ள வாங்கோ அக்கா, பிள்ளை பேசப் போறாள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியாது.

சுஜானி நடு அறையில் நின்று பேசினாள். அமெரிக்கர் தேயிலைக் கப்பலில் ஏறித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை வந்தது. எங்கள் சம்மதமில்லாமல் எங்கள் மேல் சட்டம் போட நீ யார் என்று அரசனைக் கேட்டது வந்தது. பிறகு, அவள் சொல்லித் தரும் வரை நான் கேள்விப்பட்டிராத ஒன்று வந்தது. பிரகடனத்தின் முதல் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு பந்தி இருந்ததாம். அதை எழுதியவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்களாம். அந்தப் பந்தி தங்களுக்குச் சரிவராது என்று சபையில் பலர் முகம் சுளிக்க, அதை வெட்டிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்களாம். அதுவரை அவள் சொல்லி நான் எழுதியது.

முடிவை அவளே ரெயிலில் வரும்போது யோசித்து வைத்திருந்தாள். அது அவளுடைய சொந்தத் தமிழ்.

"நான் ஜேர்மன் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க, ரீச்சர் சாதிமுறை எண்டு பலகையில எழுதிப்போட்டு, சுஜானி, நீ எந்தச் சாதி எண்டு கேட்டவ. எனக்குத் தெரியேல்லை. வீட்டை ஓடிவந்து அம்மாட்டக் கேட்டன். எங்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு அம்மா சொன்னவ. அமெரிக்கர் ஒரு பந்தியை வெட்ட வேண்டி வந்தது. எங்களுக்கு வெட்டுறதுக்கு ஒண்டுமே இல்லை. எங்கட அம்மா அப்பாமார் ஹைமில ஒரே சட்டியில சாப்பிட்டவை. நான் அந்தச் சனத்திட பிள்ளை."

"அருமை! அருமை!" என்று இவர் கைதட்டினார். மச்சாள் சேலைக் கரையை நீவிக்கொண்டிருந்தா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் மறைத்த பூசணிக்காயை இந்தப் பிள்ளை மேடையில் வைத்துப் பூப் போடப் போகிறாளே என்று நினைத்தேன்.

மறுநாள் சுஜானி ஆஹெனுக்குப் போன பிறகு சந்திரகாந்தி வீட்டுக்குப் போனேன். அவள் வேலைச் சட்டைகளை மினுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. நான் உட்காராமலே தொடங்கினேன்.

"சந்திரா, நேற்று நடந்ததுக்கு என்னை..."

"மன்னிப்புக் கேக்காதேங்கோ அக்கா." அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீங்கள் இஞ்ச கேட்டால் ஒரு நாள் அவளுக்கு முன்னாலயும் கேப்பியள். அவள் எதுக்கெண்டு கேப்பாள். அதுக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்?"

அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

"அவளுக்கு நான் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நான் ஒரு மண்டபத்துக்குள்ள போனால் முதல்ல முகங்களைத்தான் பாப்பன். ஆர் சிரிக்கினம், ஆர் திரும்பினம், எந்த மேசையில இருந்தால் ஒருத்தரும் எழும்பிப் போகாயினம் எண்டு. முப்பது வருசமா இஞ்சையும் அப்பிடித்தான். அவள் அப்பிடியில்லை. நேர போறாள், முன்னுக்குப் போய் இருக்கிறாள், கண்ட வீட்டுக் குசினியையும் திறக்கிறாள். நேற்றுக்கூடப் பாத்தனீங்கள்தானே? அவள் அப்பிடி நடக்கிறதைப் பாக்கிறதுதான் அக்கா நான் இந்த நாட்டில கண்ட சுகம்."

"எனக்கு விளங்குது."

"உங்களுக்கு விளங்காது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அந்த முடிவை மட்டும் வெட்டிவிடுங்கோ. மண்டபத்தில பாதிச் சனத்துக்கு எங்களைத் தெரியும். அவள் அதைச் சொல்லேக்க ஆளையாள் பாத்துச் சிரிப்பினம். அவள் கெட்டிக்காரி, கண்டிடுவாள். கண்டால் தேடுவாள். தேடினால் எல்லாம் தெரிஞ்சிடும். நீங்கள்தானே எழுதிறது, நீங்கள் சொன்னால் கேப்பாள்."

வெட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. அமெரிக்காவில் அந்தப் பந்தியை வெட்டச் சொன்னவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இங்கே வெட்டிவிடு என்று கெஞ்சுகிறவள், மகள் கொடுத்த தேநீர் தீண்டப்படாமல் போனவள். வெட்டுகிற வேலை எனக்கு.

இவரிடம் சொன்னேன். "நல்ல முடிவெல்லோ, ஏன் வெட்டோணும்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "ஓ... அப்ப வெட்டு. விழாவில வீண் பிரச்சினை வேண்டாம்" என்றார். பெரிய பிரகடனத்துக்கே சபை சில நாள் விவாதித்தது. என் வீட்டுக்காரர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

எனக்குச் சினம் தலைக்கேறியது. "ஊருக்கெல்லாம் சமம், சமம் எண்டு மேடையில கத்துறியள். அதில ஒரு சொல்லை உங்கட அக்காவுக்குச் சொல்லிப் பாருங்கோவன்."

"அவ தேருக்கு வந்த மனுசி. இண்டைக்கோ நாளைக்கோ போயிடுவா. ஏன் அவவின்ர மனதை நோகடிப்பான்?" என்று சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கில்தான் இருந்தது. அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்ப முடியாது. மச்சாள் அடுத்த அறையில்தான் இருந்தா. கதவைத் தட்டி நானே சொல்லியிருக்கலாம். அன்றிரவும் அவவிடம் முழங்காலைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

சுஜானியிடம் தொலைபேசியில் சொன்னேன். "பிள்ளை, அந்த முடிவை எடுத்துவிடுவம்."

"ஏன் அன்ரி?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் கொஞ்சம் மரியாதையான பொய்யையாவது யோசித்து வைத்திருக்கலாம். "நேரம் காணாது" என்றேன்.

"அது பிழையோ அன்ரி? நான் சொன்னது உண்மையில்லையோ?"

"சீ, என்ன கதை இது? நேரந்தான் பிள்ளை. எல்லாருக்கும் ஒரே அளவு நேரம்."

"சரி அன்ரி" என்றாள். நல்ல காலம் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்தேன்.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுச் சேலைகள், பொரித்த ரோல்ஸ் வாசனை, கதிரைகளுக்கிடையில் ஓடுகிற குழந்தைகள். சந்திரகாந்தி பின்வரிசையில் கரையோரக் கதிரையில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்து, "வெட்டியாச்சு" என்று காதில் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள். மச்சாள் முன்வரிசையில் விருந்தினர்களோடு இருந்தா.

சுஜானி மேடையேறினாள். அவள் பேசப் பேச நானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், அது என் பழக்கம். தேயிலைக் கப்பல் வர வேண்டிய இடத்தில் கப்பல் வரவில்லை. பயத்தில் மறந்துவிட்டாள் என்று பதறினேன். அடுத்ததிலும் பாதியை விட்டாள். ஆனால் முகத்தில் பயம் இல்லை. வெட்டப்பட்ட பந்தியின் கதையை ஆறுதலாகச் சொல்லி முடித்தாள். பேச்சு அங்கே முடிய வேண்டும். அவள் முடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, "நான் ஜேர்மன் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க..." என்று தொடங்கினாள்.

நேரம் காணாது என்றேன் அல்லவா. என் சொல்லை நம்பிய பிள்ளை நேரத்தை உண்டாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

சந்திரகாந்தி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். நான் மண்டபத்தைப் பார்த்தேன். "எங்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லை" என்று அவள் சொன்னபோது எங்களுக்கு முன்னால் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் தொடையில் தட்டினாள். முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். ஒருவர் கைபேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். "நான் அந்தச் சனத்திட பிள்ளை" என்று அவள் முடித்தபோது கைதட்ட ஒருவரும் முந்தவில்லை.

பிறகு இவர் எழுந்து நின்று கைதட்டினார். தலைவர் எழுந்ததும் மண்டபமே எழுந்து தட்டியது. சிரித்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மச்சாளும் தட்டினா, கை நோகத் தட்டினா. நானும் தட்டினேன். சும்மா இருந்தால் யாராவது பார்ப்பார்களே என்று தட்டினேன். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

சுஜானி மேடையால் இறங்கி நேரே எங்களிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"கோவிக்காதேங்கோ அன்ரி. தேயிலைக் கப்பலை வெட்டிப்போட்டன். நேரம் சரியா வந்திட்டுது பாத்தனீங்களோ?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "முன்னுக்கு ரெண்டு பேர் சிரிச்சவை. நான் மேடையிலயிருந்து கண்டனான். ஏன் அன்ரி?"

நான் சந்திரகாந்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. முப்பது வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை, அரிசி கூடக் கடன் கேட்டதில்லை. இப்போது கண்ணால் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ அன்ரி" என்றாள் சுஜானி. "எங்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை பிள்ளை" என்றேன். "அப்பிடி ஒண்டும் இல்லை. முடிவு உன்ர சொந்தத் தமிழெல்லோ, அந்த உச்சரிப்புக்குச் சிரிச்சிருப்பினம்."

"ஓ, அதோ!" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும், ள வும் ழ வும் எனக்கு வரவே வராது. அடுத்த முறை கூடப் பழகிறன் அன்ரி." குற்றத்தைத் தன் நாக்கில் ஏற்றிக்கொண்டு, சந்தோசமாக ரோல்ஸ் வாங்க ஓடினாள். போகிற வழியில் அந்தச் சிரித்த இருவரிடமும் நின்று, ஏதோ சொல்லித் தானும் சிரித்தாள்.

சந்திரகாந்தி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"பெரிய உபகாரம் அக்கா" என்றாள். "இதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்."

மனதார நன்றி சொன்னாள். அவள் குரலில் ஒரு குத்தலும் இல்லை, நான் நன்றாகக் கேட்டேன். தலையை ஆட்டினேன். என் கையை விட்டுவிட்டு அவள் மகளைத் தேடிப் போனாள். நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றேன்.